விண்ணப்பப் படிவத்தோடு வந்த அம்மா: கிரேஸ் பானு, ஒரு நிகழ்வு ஆய்வு

திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள்) மாணவர்களைப் பற்றிய நிகழ்வு ஆய்வுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாமே ஒரே ஆய்வு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் அடி, பள்ளியில் கேலி, மன உளைச்சல், அப்புறம் ஒரு நல்ல ஆலோசகர் வருகிறார், பொறுமையாகக் கேட்கிறார், மாணவி தேறிவிடுகிறார். ஆலோசகர்தான் கதாநாயகர். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வில் அப்படி ஒருவர் வருவதில்லை, அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கிரேஸ் பானு. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் திருநங்கை. 2014இல் தமிழ்நாட்டில் திருநங்கை என்ற அடையாளத்தோடு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. இது வரைக்கும் பலருக்குத் தெரிந்த செய்திதான், பத்திரிகைகளும் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிட்டன. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. தனக்கு ஒரு சீட்டு வாங்கப் போராடிய மாணவி எப்படி இன்னொருவருக்குச் சீட்டு வாங்கித் தருகிறவராக ஆனார், அதிலிருந்து ரேஷன் கார்டு வழக்குக்கும், கோவில்பட்டிப் பக்கம் ஒரு பால் கூட்டுறவு சங்கத்துக்கும், இட ஒதுக்கீட்டுக் கோரிக்கைக்கும் எப்படிப் போனார் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

கிரேஸ் பானு பேட்டிகளில் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் வர வேண்டும், அவர்கள் கிளம்புவதற்கு முன்பே போய்விட வேண்டும். இது பாலினத்துக்காக அல்ல, சாதிக்காக. அதாவது திருநங்கை என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்பே ஒதுக்கி வைப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் இட ஒதுக்கீடு பற்றி அவர் எடுக்கும் நிலைப்பாடு முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ. நல்ல மதிப்பெண், படிப்பு முடிந்ததும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராமர் வேலை. திருநங்கை என்ற அடையாளம் வெளியே வந்த பிறகு அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. நிறுவனம் எது என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. டிப்ளமோவும் மதிப்பெண்ணும் வேலையும் கையில் இருந்த ஒருவரையே அந்த அடையாளம் வெளியே தள்ளியது என்றால், பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு என்ன மிஞ்சும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்ற பிரிவில் இந்தியா முழுக்கச் சுமார் 4.88 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். அந்தப் பிரிவினரின் எழுத்தறிவு சுமார் 56 சதவீதம். நாட்டின் சராசரி 74. பாதியிலேயே பள்ளியை விட்டவர்களின் கூட்டம் அது, அதற்கு நடுவில் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒருவர் கிளம்புகிறார்.

இடம் இல்லை என்ற பதில்

சேர்வதற்கு முன் அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, திருநங்கைகளுக்குச் சேர்க்கையில் இடம் உண்டா என்று கேட்டார். அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சோர்ந்து போக வைக்கும் பதில்தான். ஆனால் அலுவலக முத்திரையோடு வந்த ஒரு 'இல்லை' கையில் இருப்பதற்கும், கவுன்ட்டரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயால் சொல்லும் 'இல்லை'க்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அரசு அலுவலகத்தில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும். வாயால் சொன்னதை மறுநாள் மறுக்கலாம். தாளில் இருப்பதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம், பத்திரிகைக்காரரிடம் காட்டலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. திருநங்கைகள் நல வாரியத்தை 2008லேயே அமைத்த மாநிலம் இது. அதே ஆண்டில் அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் திருநங்கைகளுக்கு இடம் தரவும் உத்தரவு வந்தது. அத்தனைக்கும் பிறகு, வருடங்கள் கழித்து ஒரு மாணவி கேட்டால் ஏற்பாடு இல்லை என்று பதில். உத்தரவு தலைமைச் செயலகத்தில் இருந்து கிளம்பி சேர்க்கை கவுன்ட்டர் வரைக்கும் வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று யாராவது தனியாக ஆய்வு செய்யலாம்.

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது, நால்சா தீர்ப்பு என்று சொல்வது அதைத்தான். தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை, திருநர்களைச் சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களாகக் கருதி இட ஒதுக்கீடு என்று இரண்டும் அதில் இருந்தன. அந்த ஆண்டுதான் கிரேஸ் பானு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரக்கோணம் கல்லூரி ஒன்றில் மின் மற்றும் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்தார். தீர்ப்பு தானாக வந்து அவரைச் சேர்த்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மனு, பதில், மறுபடி மனு என்று அவர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார், அதனால் கதவு கொஞ்சம் திறந்தபோது உள்ளே போக முடிந்தது.

அம்மா, மகள்

இனி நான் நிதானமாக எழுத விரும்பும் பகுதி.

சக ஆதரவு என்று சமூகப்பணிப் பாடத்தில் வருவதைத் திருநங்கை சமூகம் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இருந்ததில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பிள்ளை ஊர் விட்டு ஊர் வந்து இறங்கினால், மூத்த திருநங்கை ஒருவர் அவளை மகளாக ஏற்றுக்கொள்வார். அவர் அம்மா, அவருடைய அம்மா நானி, ஒரே அம்மாவுக்கு மகள்களாக இருப்பவர்கள் அக்கா தங்கைகள். ஜமாத் என்று ஒரு அமைப்பு இருக்கும், சண்டை வந்தால் அங்கே தீர்ப்பு, தவறு செய்தால் அபராதம், நோய் என்றால் கவனிப்பு. பெற்ற வீடு கைவிட்ட பல பேரை உயிரோடு வைத்திருப்பது இந்த உறவுதான். அதே நேரம் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று பார்த்தால் பெரும்பாலும் கடை கேட்பது, அதாவது கடை கடையாகப் போய்க் காசு கேட்பது, இல்லாவிட்டால் பாலியல் தொழில். அம்மா தனக்குத் தெரிந்ததைத்தான் மகளுக்குக் கற்றுத் தர முடியும். வெளியே வேறு வேலை யாரும் தராத இடத்தில் அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

கிரேஸ் பானு இந்த உறவை அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் இந்த அம்மாவுக்குத் தெரிந்த தொழில் வேறு. தகவல் உரிமை மனு எப்படிப் போடுவது, எந்தச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்க வேண்டும், கல்லூரி மறுத்தால் அடுத்து யாரைப் பார்ப்பது, எந்த வழக்கறிஞர் காசு கேட்காமல் வருவார் என்பதெல்லாம் அவருக்குத் தன் சொந்த அலைச்சலில் கிடைத்த படிப்பு. அது மகளுக்குப் போனது.

அவர் மகளாக ஏற்றுக்கொண்ட தாரிகா பானுவும் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். அம்பத்தூரில் அரசுப் பள்ளியில் திருநங்கை என்ற அடையாளத்தோடேயே பிளஸ் டூ படித்து 2017இல் தேர்ச்சி பெற்றார். சித்த மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள். 2017 முடியும் நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே அம்மாவுக்கு மகள் கிடைத்தாள், மகளுக்கு அம்மா கிடைத்தாள் என்ற உணர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம், நிறைய கட்டுரைகள் அப்படித்தான் நிறுத்துகின்றன. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஒரு மாணவி தான் பட்ட கஷ்டத்துக்கு ஏதோ பயன் இருக்கிறது என்று உணர்வதற்கு இது போல ஒரு இடம் தேவைப்படுகிறது. தனக்கு வந்த 'இல்லை'யைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் அது காயம் மட்டும்தான். அதையே அடுத்தவளுக்கு 'இந்த ஆபீசுக்குப் போகாதே, அங்கே போ, இந்தத் தாளைக் கேட்டு வாங்கு' என்று சொல்ல முடிந்தால், அதே அனுபவம் அறிவாகிவிடுகிறது. வாழ்க்கைக்கு நோக்கம் கண்டுபிடிப்பது என்று பெரிதாகச் சொல்வது இந்த நிகழ்வில் இவ்வளவு சாதாரணமாகத்தான் நடந்திருக்கிறது, ஒரு ஃபைலைக் கை மாற்றிக் கொடுப்பதில்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் மற்ற கதவுகளும் திறந்தன. 2015இல் பிரித்திகா யாஷினிக்குக் காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் இடம் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2017இல் அவர் பணியில் சேர்ந்தார். 2018இல் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் 'முதல் திருநங்கை' என்று தலைப்பு. பிரித்திகாவும் தாரிகாவும் நீதிமன்றத்தின் வழியாகத்தான் உள்ளே போனார்கள் என்பதைத் தலைப்பை விடக் கீழே உள்ள வரிகளில்தான் தேட வேண்டியிருந்தது.

ரேஷன் கார்டு

2020 ஊரடங்கு வந்தபோது கடைகள் இல்லை, அதனால் கடை கேட்பதும் இல்லை. தினமும் வெளியே போனால்தான் சாப்பாடு என்று இருந்தவர்கள் அப்படியே முடங்கினார்கள். கிரேஸ் பானு இயங்கும் டிரான்ஸ் ரைட்ஸ் நவ் கலெக்டிவ் என்ற அமைப்பு பணம் திரட்டி மளிகைப் பொருட்கள் கொடுத்தது. இது எல்லாரும் செய்த வேலை, செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது அலையில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

2021இல் தமிழக அரசு அரிசி ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வீட்டை விட்டு வந்த திருநங்கையின் பெயர் எந்தக் கார்டில் இருக்கும்? பெற்றோரின் கார்டில், பழைய பெயரில், இல்லாவிட்டால் நீக்கப்பட்டு. கார்டு இல்லாதவர்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்று கிரேஸ் பானு உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அப்போது வெளியே வந்த கணக்கு இது: அரசிடம் பதிவான 11,449 திருநர்களில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள் 2,956 பேர் மட்டும். மீதி 8,493 பேருக்கு முதல் தவணை 2,000 ரூபாய் கொடுக்க அரசு முன்வந்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்து அரசின் பதிவில் அதில் பாதி. அந்தப் பாதியிலும் கால்வாசிப் பேரிடம்தான் ரேஷன் கார்டு. மளிகைப் பை கொடுப்பது ஒரு வாரப் பசியைத் தீர்க்கும். இந்தக் கணக்கை நீதிமன்றத்தில் பேச வைத்தது யார் பட்டியலில் இல்லை என்பதையே வெளியே கொண்டு வந்தது. தன்னார்வப் பணி என்றால் பொட்டலம் கொடுப்பது என்று நினைக்கும் கல்லூரிக் குழுக்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

மந்தித்தோப்பு

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மந்தித்தோப்பு. அங்கே திருநங்கைகளுக்கு அரசு வீடுகள் கட்டிக் கொடுத்தது, அவர்களுக்கென்றே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கமும் 2020இல் வந்தது, சுமார் 30 பேர் உறுப்பினர்கள். அப்போது தூத்துக்குடி ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயரில் குடியிருப்புக்கு சந்தீப் நகர் என்று பெயர் வைத்தார்கள். இதற்கு முன்கை எடுத்தவர்களில் கிரேஸ் பானுவும் ஒருவர்.

மாடு வாங்கக் கடன், பால் ஊற்ற சங்கம், மாதம் தவறாமல் ஒரு வருமானம். சித்த மருத்துவப் படிப்பையும் இதையும் ஒரே ஆய்வில் வைப்பது பொருந்தாதது போலத் தோன்றலாம். ஆனால் எல்லாத் திருநங்கைகளும் இனிமேல் கல்லூரிக்குப் போய்விடப் போவதில்லை, முப்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கல்வி என்ற பதில் பதிலே இல்லை. ஒரு மாணவியிடம் தொடங்கிய வேலை தன்னைப் போன்ற மாணவிகளோடு நிற்காமல் அக்காக்கள் பக்கமும் திரும்பியது என்பதால்தான் இதைச் சேர்க்கிறேன்.

எந்தச் சான்றிதழ்?

நால்சா தீர்ப்புக்குப் பிறகு 2015இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்பிசி) பிரிவில் சேர்த்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தலித் திருநங்கையின் இடத்திலிருந்து பார்த்தால், பட்டியல் சாதிச் சான்றிதழோடு போனால் திருநங்கை என்பதற்காகத் தனியாக எதுவும் இல்லை, திருநங்கை என்று எம்பிசியில் போனால் சாதியின் பெயரால் பட்டதெல்லாம் கணக்கில் வராது. பள்ளியில் தாமதமாக வரச் சொன்னது சாதிக்காக, வேலையிலிருந்து வெளியேற வைத்தது பாலினத்துக்காக, விண்ணப்பத்தில் மட்டும் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லலாம்.

அதனால்தான் கிரேஸ் பானு வெகு காலமாகக் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறார். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பது போல எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி, பொது என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021லேயே அரசு வேலைகளில் 1 சதவீதம் கொடுத்தது. தமிழ்நாட்டில் செவிலியரான ஒரு திருநங்கை தொடுத்த வழக்கில், திருநர்களை எம்பிசியாகக் கருதும் முறை நால்சா தீர்ப்புக்கு எதிரானது என்று சொல்லி, கல்வியிலும் வேலையிலும் 1 சதவீதம் கிடைமட்டமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டது வேறொருவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவர் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த கோரிக்கை இன்னொருவர் கையில் போய் உத்தரவாகியிருக்கிறது.

எனக்கு உறுத்துவது

இந்த நிகழ்வைப் பாடமாக வைக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. பார்த்தீர்களா, அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும் என்று சொல்லி மாணவி தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். பொறியியல் படிக்கப் போன ஒருவர் சமூகத்துக்காக வழக்கு, மனு, நிவாரணம், வீடு என்று எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது என்றால், அவர் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் யாரோ பார்க்க வேண்டிய வேலை. தன்னார்வப் பணி அவருக்கு நோக்கத்தைக் கொடுத்திருக்கலாம், அதற்காக அது இலவச உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. உணர்ச்சி ரீதியான ஆதரவு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தற்கொலை எண்ணத்தோடு நள்ளிரவில் ஃபோன் செய்யும் பிள்ளைக்கு மனு எழுதும் முறையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அந்த நேரத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். சக மாணவியையே எல்லாவற்றுக்கும் ஆளாக வைத்தால் அவளும் சேர்ந்து உடைந்து போவாள்.

இன்னொன்று. ஏப்ரல் 15 திருநங்கைகள் தினம் வந்தால் கல்லூரிகள் ஒரு திருநங்கையை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கண்ணீர் வரப் பேச வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகின்றன. அந்தக் கல்லூரியில் படிக்கும் திருநர் மாணவருக்குக் கழிவறை எது, விடுதி எது, வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயர் என்பதைப் பற்றி யாரும் அன்று பேசுவதில்லை.

கல்லூரியில் செய்யக்கூடியது

2019இல் வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமிருந்து அடையாளச் சான்றிதழ் வாங்கலாம், 2020 இறுதியிலிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது. அந்தச் சான்றிதழை வைத்து மற்ற ஆவணங்களிலும் பெயரையும் பாலினத்தையும் மாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் நல வாரியம் மூலம் அரசே ஏற்கும் என்று 2024ஆம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆக, ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒரு மாணவரிடம் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வாரிய அட்டையில் ஒரு பெயர் இருக்கும்போது இந்த ஏற்பாடுகள் எதுவும் கைக்கு வராது, அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டக் குழுவில் இருப்பவர்கள், சமூகப்பணித் துறை மாணவர்கள், யாராக இருந்தாலும் சரி, தொடங்குவதற்கு நல்ல இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏற்கெனவே பெயர் மாற்றி முடித்த ஒரு திருநர் மாணவரைத் தேடிப் பிடித்து, முதலில் எந்தத் தாள், அடுத்து எது, அரசிதழுக்கு என்ன கேட்டார்கள், எந்த அலுவலகத்தில் எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வாங்குங்கள். அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அதைச் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே, மே மாதத்திலேயே, உங்கள் மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த திருநர் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். ஜூலையில் கொடுத்தால் சீட்டு போயிருக்கும்.